நரகத்தில் ஒரு விடுதி



2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தேவமாதாவின் விண்ணேற்பு விழா முடிந்த அடுத்த சனிக்கிழமை மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் குருமனைக்கு வந்தார். துணிப்பையினின்று கெட்டி அட்டையிட்ட ஓவிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து நம் மேசைமீது வைத்தார். வைத்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“சாமி, இதை எரிச்சுப்புடலாம்னு அடுப்படி வரைக்கும் கொண்டு போயிட்டேன். எங்க மாமியார்தான் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எரிச்சா வீட்டுக்கு ஆகாது, சாமிகிட்டக் கொண்டுபோய்க் காட்டுன்னாங்க” என்றார்.

திறந்து பார்த்தோம். முதற்பக்கத்தில் மஞ்சள் கூந்தலும் சிவந்த கன்னமும் உடைய ஒரு நங்கை, தலையில் இரு கொம்புகளோடு வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தில் சிலந்தியைப்போல் பல கைகள் படைத்த ஒருவன். பின்னும் புரட்டினால் இறகு முளைத்த பூனை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் செந்நிறக் கோமான், உயரத் தொப்பி அணிந்த பாம்பு. பக்கத்திற்குப் பக்கம் பேய்கள்! ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கை தேர்ந்த கை. கோடுகள் தயங்காமல் ஓடியிருந்தன.

வரைந்தவள் அத்தாயின் மகள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் பயில்கிறாள். ஏழாண்டுக் காலம் நம் பாடற்குழுவில் பாடியவள், ஒன்றரை ஆண்டாகப் பாடற்குழுவின் பக்கமே வருவதில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருவாள். பின்கதவின் ஓரமாக நின்றிருந்துவிட்டு, இறுதி ஆசீருக்கு முன்பே போய்விடுவாள். இதற்கெல்லாம் காரணம் இந்தப் பேய்ப் புத்தகமே என்பது தாயின் முடிவு. அன்று நமக்கும் அவ்வாறே தோன்றிற்று என்பதை மறைப்பானேன்?

மறுநாள் அம்மகளைக் கூப்பிட்டு விசாரித்தோம். நோட்டுப் புத்தகத்தை நம் மேசைமேல் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. பின்பு தலை நிமிர்ந்து, “இது ஹாஸ்பின் ஹோட்டல், ஃபாதர். நான் வரைஞ்சது ரசிகர் ஓவியம். திட்டுறதுன்னா பார்த்துட்டுத் திட்டுங்க” என்றாள்.

நியாயமான விண்ணப்பம்தான். பார்க்காததைப் பழிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நமக்கும் உண்டு. உதவிப் பங்குக் குருவின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, மூன்று இரவுகள் கதவைச் சாத்திக்கொண்டு, முதற்பருவத்தின் எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்தோம். இரண்டாம் இரவு ஒரு பாடல் சற்று உரக்கக் கேட்டுவிட்டது. கோயிற்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்த உபதேசியார், வாசலில் நின்று செருமினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாதது ஆண்டவர் செய்த உபகாரம்.

இனி, பெற்றோர் அறியவேண்டி அத்தொடரைக் குறித்துச் சொல்லுகின்றோம். இதனைப் படைத்தவர் விவியன் மெட்ரானோ என்னும் அமெரிக்கப் பெண் ஓவியர். 1992-இல் பிறந்தவர். முன்னோட்டப் படத்தை 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் யூடியூபில் வெளியிட்டார். பெருமுதலாளிகளின் பணமன்று. அவருடைய ஓவியங்களை விரும்பியவர்கள் மாதந்தோறும் அனுப்பிய சிறு காணிக்கைகளே அதற்கு மூலதனம். பின்னர் ஏ24 என்னும் நிறுவனம் அதனை ஏற்றுக்கொள்ள, 2024-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் முதல் அமேசான் பிரைம் வீடியோவில் தொடராக வந்தது. சாம் ஹாஃப்ட், ஆண்ட்ரூ அண்டர்பெர்க் ஆகிய இருவரும் பாடல்களை அமைத்தனர். பகுதி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு பாடல்கள். கதையைப் பாடல்களே நடத்திச் செல்லுகின்றன.

கதை இது. நரகத்தின் அரசனாகிய லூசிபருக்கு சார்லி என்றொரு மகள். நரகத்தில் மக்கள்தொகை பெருகிவிட்டதென்று, ஆண்டுக்கொருமுறை வானதூதர் படையொன்று இறங்கி வந்து பாவிகளை வெட்டி அழித்துவிட்டுப் போகிறது. அப்படி அழிந்தவருக்கு மீட்சியே இல்லை. இதைக் காணப் பொறாத சார்லி ஒரு விடுதியைத் திறக்கிறாள். பாவிகள் அங்கே தங்கித் திருந்தி மோட்சத்திற்கு ஏறிவிட வேண்டும் என்பது அவள் கனவு. நரகத்தார் அனைவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விடுதியின் பெயரே, முன்னொரு காலத்தில் ஏதோவாக இருந்து இன்று ஒன்றுமில்லாமற் போனவர் என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சிலேடை.

குற்றங்களை முதலில் சொல்லிவிடுகின்றோம். வாக்கியத்திற்கொரு வசை இருக்கிறது. வாயால் சொல்லக்கூடாதவை சர்வ சாதாரணமாகச் சொல்லப்படுகின்றன. இது பதினெட்டு வயது நிரம்பியவர்க்கென்றே வெளியிடப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்குரியது என்றொரு எண்ணம் இருக்கிறது. சித்திரம் அசைகிறதே என்று ஆறு வயதுப் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விடுகிறோம். இத்தொடரைப் பொறுத்தமட்டில் அது பெரும் பிழை. பெற்றோர் இதனைக் கவனிக்க.

இரண்டாவது குற்றம் நம் தொழிலைச் சார்ந்தது. இக்கதையில் வரும் மோட்சத்தில் வாயிற்காவலுக்குப் புனித பேதுரு இருக்கிறார், வானதூதர்கள் இருக்கிறார்கள், முதல் மனிதனாகிய ஆதாம் வாய்த்துடுக்கு மிக்க ஒரு முரடனாக இருக்கிறான். ஆண்டவர் மட்டும் எங்கும் இல்லை. எட்டுப் பகுதிகளிலும் தேடினோம். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் பணியாட்கள் சட்டம் பேசுவதுபோல் இருக்கிறது அந்த மோட்சம். அருள் என்ற ஒன்றும் அங்கே கிடையாது. பாவி தன் முயற்சியாலேயே ஏணி ஏற வேண்டும். பெலாஜியு என்பவர் போதித்து, ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் எதிர்த்து நின்ற பழைய தப்பறைக்கு இது உறவு என்று எண்ணிக்கொண்டோம்.

இவ்வாறு குறைகளைக் குறித்துக்கொண்டே வந்த எழுதுகோல், ஆறாம் பகுதியில் நின்றுவிட்டது.

சார்லி தன் வழக்கோடு மோட்சத்திற்கே போகிறாள். அங்கே நியாயசபை கூடுகிறது. பாவியொருவன் இங்கே வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாள். எவருக்கும் தெரியவில்லை. ஆதாம் அவ்விடத்திலேயே மூன்று விதிகளைக் கிறுக்கித் தருகிறான்: தன்னலம் மறத்தல், திருடாமை, அதிகாரத்தை எதிர்த்து நிற்றல். அந்தச் சிலந்தி மனிதன், ஏஞ்சல் டஸ்ட் என்பவன், தன் ஆன்மாவையே ஒப்பந்தம் எழுதி விற்றுவிட்டவன், சேற்றில் கழுத்தளவு நிற்பவன், அந்த வேளையில் கீழே ஒரு மதுக்கடையில் அம்மூன்றையும் செய்து காட்டுகிறான். சபையே பார்க்கிறது. அப்படியானால் அவன் ஏன் இங்கு வரவில்லை? விடையில்லை. ஆண்டுதோறும் நடக்கும் அழிப்பை அன்றுதான் அறிந்த எமிலி என்னும் இளம் வானதூதி, தன் மூத்தவளை நோக்கிக் கண்ணீரோடு பாடுகிறாள்.

இந்தக் காட்சியை நாம் முன்பே எங்கோ கண்டிருக்கிறோமே என்று தோன்றிற்று. எங்கே என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நாம் பிறந்தது திருமங்கலத்திற்கு மேற்கே ஒரு கரிசற் சிற்றூர். திருவிழாக் காலங்களில் மதுரையிலிருந்து ஸ்பெஷல் நாடகம் வரும். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். இராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஆயினும் பாட்டும் கதையும் அனைவருக்கும் மனப்பாடமாதலின் பிசகாது. அவ்வாறு எங்கள் ஊருக்கு வந்தவற்றுள் ஒன்று சத்தியவான் சாவித்திரி. கணவனின் உயிரைக் கொண்டுபோகும் எமனைப் பின்தொடர்ந்து, தர்க்கம் செய்து, பாடி, அவன் வாயாலேயே வரம் வாங்கி, அவ்வரத்தாலேயே அவனை மடக்கிக் கணவனை மீட்டு வருவாள் சாவித்திரி. அந்தத் தர்க்கம் எங்கள் ஊரில் அதிகாலை மூன்று மணிக்கு நடந்தது. ஒருவரும் உறங்கவில்லை.

அந்நாடகத்தை மேடைக்கு எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்தவர். நம் மதுரையில்தான் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்களை நாடகத்தில் பழக்கினார். எமன், சனீசுவரன் முதலிய வேடங்களை அவர் புனைந்தால், பார்ப்பவர் நடுங்கிப்போவராம். அந்த அச்சத்தால் பெண்களுக்குத் தீங்கு நேர்ந்ததைக் கண்டு அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்று நாடக உலகில் இன்றும் சொல்லுவார்கள். அச்சமூட்டும் கலையில் வல்லவர், அது யாரைப் போய்த் தாக்குகிறது என்று அறிந்ததும் நிறுத்திக்கொண்டார். இச்செய்தி பின்னால் வேறொரு வகையில் நம்மைச் சுட்டது.

அந்நாடகங்கள் எல்லாம் தூய்மையானவை என்றும் எண்ணிவிட வேண்டாம். சாவித்திரி வருமுன் இரண்டு மணி நேரம் பபூனும் நடனக்காரியும் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பேசும் இரட்டைப் பொருட் பேச்சை இப்பத்திரிகையில் அச்சிட இயலாது. தோற்பாவைக் கூத்திலும் அப்படியே. ஆட்டுத்தோலில் இருபுறமும் வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின் விளக்கேற்றி, ஒரே மனிதர் அத்தனை குரலும் பேசி, பாடி, காலால் பலகையைத் தட்டித் தாளமும் இட்டுக்கொள்வார். இராமாயணம் பத்து இரவுகள் நடக்கும். நடுநடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கொச்சையாக ஏசிக்கொள்வார்கள். பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், எங்களை மட்டும் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுவார்கள். யோசித்துப் பார்த்தால், பெரியவர்களுக்கான இசையோடு கூடிய அசையும் சித்திர நாடகம் நம் நாட்டுக்குப் புதிதன்று. நாம் எண்ணெய் விளக்கின் முன் தோலை ஆட்டினோம். அவர்கள் நொடிக்கு 24 சட்டங்கள் என்று ஓடவிடுகிறார்கள்.

கத்தோலிக்கராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். கைகள் துண்டிக்கப்பட்டுக் காட்டில் விடப்பட்ட ஞானசௌந்தரிக்குத் தேவமாதா கைகளைத் திரும்ப அளித்த கதையை நம் பாட்டிமார் நாடக மேடையில் பார்த்து அழுதவர்கள். 1948-ஆம் ஆண்டு சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனத்தாரும் அதனைப் போட்டியிட்டுப் படமாக்கினர். குருமடத்தில் நாம் பயின்றபோது நடந்த நாடகமொன்றில் நமக்கு லூசிபர் வேடம். மிக்கேல் சம்மனசாக நடித்தவர் பிற்காலத்தில் நல்ல மறையுரையாளரானார். ஆனால் அன்று கைதட்டல் முழுவதும் நமக்கே. கோயிலிலுள்ள மிக்கேல் அதிதூதர் சுரூபத்தின் முன் குழந்தைகள் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். அவர்கள் கண் சம்மனசின் முகத்தில் இராது, காலடியில் கிடக்கும் பேயின் பல்லிலும் வாலிலும் இருக்கும்.

ஆகவே பேயை வரைவதனாலேயே ஒரு பெண்பிள்ளை கெட்டுப் போகிறாள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. தாந்தே என்னும் இத்தாலியப் பெருங்கவிஞர் நரகத்தைப் பாடினார். இறந்துபோன பாப்பரசர் ஒருவரையே அங்கே தலைகீழாக நட்டு வைத்தார். அக்காவியத்தின்மேல் கொண்ட ஈடுபாட்டினால் பொத்திச்செல்லி தொண்ணூறுக்கும் மேற்பட்ட சித்திரங்கள் வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே நரக காண்டத்திற்குப் படங்கள் வரைந்தபோது பதிப்பாளர் தயங்கினர், எனவே தம் கைப்பணத்தைச் செலவிட்டே 1861-இல் வெளியிட்டார். இவர்கள் செய்தது வேறென்ன? பிறர் கட்டிய கதைக்குள் புகுந்து, அங்கே தமக்கென்று ஒரு திண்ணை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அதைத்தான் இன்று இரசிகர் ஓவியம் என்கிறார்கள். நாட்காட்டியிலுள்ள வேளாங்கண்ணி மாதாவைக் கட்டம் போட்டு வரைந்து நோட்டில் வைத்துக்கொண்ட நாட்கள் நமக்கும் உண்டு. அதே நோட்டின் பின்பக்கத்தில் நடிகர்கள் இருந்தார்கள் என்பது நம் தாயாருக்குத் தெரியாது.

நான்காம் நாள் அந்த நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்தோம். முன்பு பதினைந்து பக்கங்களோடு மூடிவிட்டிருந்தோம், இம்முறை பொறுமையாகக் கடைசிவரை புரட்டினோம். தொடரில் ஏஞ்சல் டஸ்ட் மேடையேறி ஆடும்போதெல்லாம் சிரித்த முகத்தோடு இருக்கிறான். அவனை அடிமைப்படுத்தியவன் எதிரிலேயே அச்சிரிப்பை அவன் சுமக்க வேண்டும். இப்பெண் வரைந்த எந்தப் படத்திலும் அவன் சிரிக்கவில்லை. ஒன்றில் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். வேலை முடிந்து வீடு திரும்பிய மனிதனைப்போல.

கடைசிப் பக்கத்தைச் சொல்லுமுன் கதையின் முடிவைச் சொல்லியாக வேண்டும். சர் பென்ஷியஸ் என்றொரு பாம்பு. விடுதிக்கு ஒற்றனாக வந்து அகப்பட்டுக்கொள்கிறான். அவனை அடித்துத் துரத்தாமல், மன்னிப்புக் கேள், அதுவே தொடக்கம் என்கிறாள் சார்லி. அவனும் கேட்கிறான். இறுதிப் போரில் தன் நண்பர்களைக் காக்கத் தனியே முன்சென்று ஒரு நொடியில் அழிந்துபோகிறான். எல்லாரும் துக்கம் கொண்டாடுகிறார்கள். ஆனால் முடிவுக் காட்சிகளுள் ஒன்றில் வானதூதியர் இருவரும் திடுக்கிட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எதிரே, மோட்சத்தில், அதே பாம்பு வந்து நிற்கிறது. எப்படி வந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

அந்தக் காட்சியைத்தான் கடைசிப் பக்கத்தில் வரைந்திருந்தாள். மேகங்கள், வாசல், வாயில் கைவைத்து நிற்கும் இரு தூதியர், உயரத் தொப்பி அணிந்த பாம்பு. ஆனால் பாம்பு காக்கிச் சட்டை அணிந்திருந்தது. அடர்ந்த மீசை. இடப்புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

அந்த முகம் நமக்குத் தெரியும். அவளுடைய சித்தப்பா. ஆட்டோ ஓட்டியவர். நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் நாம் அவரைத்தான் எழுப்புவோம். வாடகை வாங்கமாட்டார். குடித்திருந்தால் மட்டும் வரமாட்டார், “இன்னைக்கு வேணாஞ் சாமி” என்று கதவுக்குள்ளிருந்தே சொல்லிவிடுவார். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இரவுகள் பெருகின. 2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் அவர் உடல் கிடைத்தது. தவறி விழுந்தாரா, தாமே விழுந்தாரா, எவரும் அறியார். நாமே அடக்கச் சடங்கை நிறைவேற்றினோம்.

மறுபடி அவளைக் கூப்பிட்டோம். இம்முறை திட்டுவதற்காக அன்று. கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள்முன் வைத்தோம். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “அடக்கம் முடிஞ்சு பதினோராம் நாள் நீங்க ஒரு பிரசங்கம் வச்சீங்க ஃபாதர்” என்றாள்.

நினைவுக்கு வந்தது. குடியைப் பற்றிய பிரசங்கம். குடிவெறியர் விண்ணரசை உரிமையாக்கிக்கொள்வதில்லை என்னும் புனித பவுலடியாரின் எச்சரிக்கையை எடுத்துக்காட்டினோம். அது வேதம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாமாக, குடித்துவிட்டு வாய்க்காலில் கிடப்பவன் கண் விழிக்கும்போது எங்கே விழிப்பான் தெரியுமா என்று கேட்டுக் கீழே கையைக் காட்டினோம். அன்று நம் மனத்திலிருந்தவர்கள் வேறு சில இளைஞர்கள். அவரை நாம் நினைக்கவேயில்லை. அதுதான் பெரிய குற்றமோ என்று இப்போது தோன்றுகிறது. பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்றிருந்த பெண்ணையும், மூன்றாம் வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த அவருடைய தாயையும், அதாவது இவளுடைய அப்பத்தாவையும், நாம் பார்க்கவில்லை.

நல்ல பிரசங்கம் என்று அன்று பலர் பாராட்டினார்கள்.

அவளிடம் நாம் சொன்னவற்றை இங்கும் எழுதுகின்றோம், ஏனெனில் இதே கேள்வியைச் சுமந்துகொண்டு பின்கதவோரம் நிற்பவர் வேறு வீடுகளிலும் இருக்கலாம். நரகம் உண்டு. திருச்சபை அதை மறுத்ததில்லை. ஆண்டவரை விட்டு மனிதன் தானே தன்னை விலக்கிக்கொள்வதே நரகம் என்றும், எவரையும் அதற்கென ஆண்டவர் முன்குறிப்பதில்லை என்றும் 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. இன்னார் மோட்சத்திலிருக்கிறார் என்று திருச்சபை புனிதர் பட்டமளித்து அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்திலிருக்கிறார் என்று ஒருவரைக் குறித்தும் இதுவரை அறிவித்ததில்லை. திருச்சபை செய்யாததை, மறையுரை மேடையில் நின்று நம் சுட்டுவிரல் செய்துவிட்டது.

ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாயிருந்த புனித ஜான் மரிய வியான்னியிடம் (1786 – 1859) ஒரு விதவை வந்தார். அவருடைய கணவர் பாலத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டவர். அவர் வாய் திறக்குமுன்பே புனிதர், உம் கணவர் மீட்கப்பட்டார், பாலத்திற்கும் தண்ணீருக்கும் இடையே மனம் வருந்த அவருக்கு நேரம் கிடைத்தது என்னும் கருத்துப்படச் சொன்னதாக அவருடைய வரலாற்றில் வாசிக்கிறோம். குருமடத்தில் இதை வாசித்துக் கண்கலங்கியவர்தான் நாம். கால்வாய்க் கரையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாலம் நம் நினைவுக்கு வரவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இத்தாலியத் தொலைக்காட்சியில் பேசியபோது, இது கோட்பாடு அன்று, தம் தனிப்பட்ட எண்ணமே என்று முன்னுரைத்து, நரகம் காலியாயிருப்பதாக எண்ணவே தமக்கு விருப்பம் என்றார். சரியாக ஐந்து நாட்கள் கழித்து அமெரிக்காவில் அந்த விடுதி திறக்கப்பட்டது. ஒன்றையொன்று அறியாது. திருத்தந்தையின் கூற்றைச் செய்தித்தாளில் படித்தபோது, இவ்வாறெல்லாம் சொன்னால் பங்கில் ஒழுங்கு என்னாவது என்று நாம் உதவிக் குருவிடம் முணுமுணுத்ததையும் மறைக்கவில்லை.

“அப்ப எங்க சித்தப்பா?” என்று கேட்டாள்.

தெரியாது, மகளே, என்றோம். அவருக்காக வேண்டலாம் என்பது தெரியும். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகத் தாய்த் திருச்சபை வேண்டுவது வெறும் வழக்கமன்று, பயனுண்டு என்பதனாலேயே வேண்டுகிறது. நீ வரைந்த படத்தில் தூதியர் திடுக்கிட்டு நிற்கிறார்கள். அவர்கள் பின்னால் வீட்டுக்காரர் ஒருவர் வரவேண்டும். அவர் திடுக்கிடமாட்டார். அந்தத் தொடரில் விடுபட்டுப்போனவர் அவர்தாம், என்றோம். அவள், “அவரை எப்படி வரையறதுன்னு எனக்குத் தெரியல, ஃபாதர்” என்றாள். நமக்கும் தெரியாதாகையால் வற்புறுத்தவில்லை.

அப்பத்தாவைக் காண வீட்டிற்கே போனோம். எழுபத்தெட்டு வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நம் பிரசங்கத்தைக் குறித்து மன்னிப்புக் கேட்டோம். அது எளிதாக இருக்கவில்லை. கிழவியார் நம்மை உட்காரச் சொல்லி, நெடுநேரம் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த நோட்டை ஏன் எரிக்க விடலைன்னு மருமக கேட்டுச்சு சாமி. வீட்டுக்கு ஆகாதுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என் மகன் மூஞ்சியத் தீயில போடச் சொல்றியாத்தான்னு எப்பிடிச் சொல்றது?” என்றார்.

ஆக, அவர் முன்பே பார்த்திருக்கிறார். பேத்தி வரையும்போது பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். பாம்புடம்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம், புருவத்துத் தழும்பு இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும் என்று மட்டும் திருத்தினாராம்.

2025 நவம்பர் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைத் தோட்டத்தை மந்திரித்துக்கொண்டு வந்தபோது, மூன்று பெண்களும் ஒரே கல்லறையருகில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றார்கள். அவருக்கென்று திருப்பலிக் கருத்துக் கொடுக்க அதுவரை வெட்கப்பட்டிருந்த அந்தத் தாய், முதன்முறையாக அன்று பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். நோட்டுப் புத்தகம் திரும்ப வீடு போய்விட்டது. கடைசிப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமென்று அப்பத்தாவும், பாம்பைப் போய்த் திரு இருதயப் படத்தின் பக்கத்திலா என்று மருமகளும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இதில் மட்டும் நாம் தலையிடுவதாக இல்லை. பாடற்குழுவுக்கு அவள் இன்னும் திரும்பவில்லை. நாமும் கேட்கவில்லை.

தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தபோது, “ஃபாதர், ரெண்டாவது பருவம் 29-ஆம் தேதியே வந்துருச்சு, பார்த்தீங்களா?” என்றாள்.

மடிக்கணினிக்குரிய உதவிக் குரு மேற்படிப்புக்குப் போய்விட்டார் என்று சொன்னோம். தன் கைப்பேசியில் காட்டுகிறேன் என்கிறாள். அதில் வரும் எழுத்து நம் கண்ணுக்கு எட்டாது. முதலில் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.